மொரப்பூரைத் தாண்டிப் போன துரைமார் கிளப்புகள்... தெரியுமா?

அரூர்க்காரர்களுக்கு ரயில் என்றாலே மொரப்பூர்தான். மூட்டை முடிச்சோடு பஸ்ஸில் வந்து இறங்கி, சேலம் பக்கமோ சென்னைப் பக்கமோ வண்டிக்குக் காத்து நிற்கிற அந்த பிளாட்பாரத்துக்கு முன்னால் கிடக்கும் தண்டவாளத்தை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அதன் ஒரு கோடியில் சென்னை சேப்பாக்கம். இன்னொரு கோடியில் ஊட்டி. கெடுபிடிக்குப் பேர்போன இரண்டு வெள்ளைக்கார விளையாட்டுக் கிளப்புகள் அந்த இரண்டு கோடியிலும் உட்கார்ந்திருந்தன. அவற்றின் உறுப்பினர்கள் ஒவ்வொரு கோடைக்கும் நம்ம மொரப்பூரைத் தாண்டித்தான் போனார்கள், வந்தார்கள் என்பது தெரியுமா?

மதராஸிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூர் வரைக்கும் ரயில் பாதை 1862-ல் முடிந்தது. ஜோலார்பேட்டை, மொரப்பூர், சேலம், ஈரோடு, போத்தனூர் என்று போகிற அதே பாதைதான். 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்டார்கள். அவ்வளவுதான், கோடை வந்தால் மதராஸ் சர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பிவிடும்! கவர்னர், கவுன்சில் மெம்பர்கள், ஃபைல் பெட்டிகள், சமையல்காரர்கள், நாய்கள், பில்லியர்ட்ஸ் குச்சிகள் எல்லாம் இந்த வழியாகத்தான். இங்கே தருமபுரிப் பக்கம் பஞ்சம் தலைவிரித்தாடிய 1876–78 காலத்திலும் அந்த வண்டி ஊட்டிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

பஞ்சம் என்றதும் ஒன்று. பஞ்ச நிவாரணத்தை மனதில் வைத்துப் போட்ட குட்டி ரயில் ஒன்று மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் நடுவில் 1906 முதல் ஓடியது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். பிறகு ஓசூர் வரை நீண்டது. 1941-ல் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நிறுத்தியவர்கள், பிறகு ஓட்டவே இல்லை. புதிய மொரப்பூர்–தருமபுரி பாதைக்கு அடிக்கல் விழ 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊட்டிக்கு மலையைக் குடைந்து பல்சக்கரம் வைத்து 1908-லேயே ரயில் ஏற்றியவர்களின் நாட்டில்தான் இதுவும் நடந்தது. சரி, கிளப்புக்கு வருவோம்.

ஊட்டி கிளப் இருக்கிற வெள்ளைத் தூண் கட்டடம் முதலில் கிளப்பே இல்லை என்பது தெரியுமா? சர் வில்லியம் ரம்போல்ட் என்பவர் 1830-களின் தொடக்கத்தில் ஓட்டலாக நடத்தக் கட்டியது. பாவம், அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை, 1833-லேயே இறந்துபோனார். மறுவருஷம் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபு அதில் தங்கினார். அவரைப் பார்க்கத்தான் மெக்காலே மதராஸில் கப்பல் இறங்கி, கிட்டத்தட்ட 400 மைல் ஆட்களின் தோளில் பல்லக்கேறி ஊட்டி வந்து சேர்ந்தார். ஆமாம், நமக்கெல்லாம் ஆங்கிலப் படிப்பு வாங்கிக்கொடுத்த அதே மெக்காலேதான்! 1841-ல் ஊட்டி கிளப் பிறந்தது. அந்தக் கட்டடம் அதன் வீடானது.

இப்போது பெரிய ஆச்சரியம். டிவியில் பார்க்கிறோமே ஸ்னூக்கர், சீனாவில் கோடிக்கணக்கானவர்கள் கண்கொட்டாமல் பார்க்கிற ஆட்டம், அதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டது நம்ம ஊட்டியில்!

கதை ஜபல்பூரில் ஆரம்பிக்கிறது. 1875. மழைக்காலம். வெளியே போக வழியில்லை. டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள் மெஸ்ஸில் அடைந்து கிடக்கிறார்கள். பில்லியர்ட்ஸ் மேசையில் காசு வைத்து ‘பிளாக் பூல்’ ஆடுவதுதான் பொழுதுபோக்கு. நெவில் சேம்பர்லேன் என்கிற 19 வயசுப் பையனுக்கு அது சலித்துப்போகிறது. ‘இன்னும் ரெண்டு கலர் பந்து சேர்த்தால் என்ன?’ என்கிறான். சிவப்புப் பந்துக் கூட்டத்தோடு மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, கறுப்பு எல்லாம் மேசைக்கு வருகின்றன. நீலமும் பழுப்பும் கொஞ்சம் பிந்தி வந்தவை.

ஒருநாள் விருந்தாளியாக வந்த ஓர் இளம் பீரங்கிப் படை அதிகாரி, தன் ராணுவப் பள்ளியில் முதல் வருஷப் பையன்களை ‘ஸ்னூக்கர்’ என்று கேலி செய்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் குழி வாசலில் நின்ற பந்தை ஒருவர் கோட்டைவிட, ‘அட, நீ சரியான ஸ்னூக்கர்!’ என்று சேம்பர்லேன் கத்திவிட்டார். ஆள் முகம் சிவந்ததும், ‘கோபிச்சுக்காதே, இந்த ஆட்டத்தில் நாம எல்லோருமே ஸ்னூக்கர்தான்’ என்று சமாதானம் செய்தார். அந்தக் கேலிப்பெயர் அப்படியே ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது.

பிறகு ஆப்கன் போர். சேம்பர்லேன் காயப்பட்டார். ஜெனரல் ராபர்ட்ஸ் 1881-ல் மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக வந்தபோது, அவருடைய பணியாளர் குழுவில் சேம்பர்லேனும் இருந்தார். தளபதியின் கோடை முகாம் எது? ஊட்டிதான். கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஆட்டம் சூடு பிடித்தது. 1882-ல் விதிகளைத் தெளிவாக எழுதி சுவரில் மாட்டினார்கள். மதராஸிலிருந்து ரயிலேறிய அந்தப் பட்டாளத்து ஆட்கள் மொரப்பூரைத் தாண்டாமல் ஊட்டி போயிருக்க முடியாது என்பதை நினைத்தால் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஸ்னூக்கர் இங்கிலாந்துக்குப் போன விதமும் ருசியான கதை. 1885-ல் கல்கத்தாவில் கூச்பிகார் மகாராஜாவோடு விருந்துண்ட இங்கிலாந்து பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ், ‘இந்த ஸ்னூக்கரைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்று தேடி சேம்பர்லேனைச் சந்தித்து, விதிகளைக் கேட்டுக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். 1927-ல் முதல் உலகப் போட்டி. ஜெயித்த ஜோ டேவிஸுக்குக் கிடைத்த பரிசு வெறும் 6 பவுண்டு 10 ஷில்லிங்! இன்றைக்கு உலக சாம்பியன் வாங்குவது 5 லட்சம் பவுண்டு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டு ஏமாந்த இங்கிலாந்துப் பிரதமர் நெவில் சேம்பர்லேன் வேறு ஆள். நம்மாள் பிறகு சர் பட்டம் வாங்கி, அயர்லாந்து போலீஸின் தலைவராக இருந்து, 1916 டப்ளின் கிளர்ச்சியைத் தடுக்கத் தவறியதாகப் பேர் வாங்கிப் பதவி விலகியவர். ஸ்னூக்கர் பிறந்த இடம் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கியபோது, எண்பதைத் தாண்டிய வயதில், 1938-ல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதித்தான் தன் உரிமையை நிலைநாட்டினார். அந்தக் கடிதம் மட்டும் போகாமல் இருந்திருந்தால் ஊட்டிக்கு இந்தப் பெருமையே கிடைத்திருக்காது.

துரைமார் மட்டும் சுருட்டுப் புகைக்கு நடுவில் ஆடிய இந்த ஆட்டத்தில், 2025 நவம்பரில் தோஹாவில் பெண்களுக்கான உலக அமெச்சூர் சாம்பியன் பட்டத்தை வென்றது யார் தெரியுமா? சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன்! இந்தியப் பெண் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை.

ஊட்டி கிளப்புக்காரர்களின் இன்னொரு பைத்தியம் வேட்டை. இங்கிலாந்தில் குதிரையேறி, நாய்க்கூட்டத்தை ஏவி, நரி துரத்துவார்கள் இல்லையா? அதையே நீலகிரிப் புல்வெளியில் செய்ய ஆசை. நாய்கள் சீமையிலிருந்து கப்பலேறி வந்தன. சிவப்புக் கோட்டும் வந்தது. ஆனால் சீமை நரிக்கு எங்கே போவது? நம்மூர் குள்ளநரியைத் துரத்தினார்கள்! 1870-களில் இந்த வேட்டைக்குத் தலைமை தாங்கிய கர்னல் ஜேகோவின் பெயரில் கிளப்பில் ஓர் அறையே உண்டு. அதைவிட வேடிக்கை, நாடு விடுதலையான பிறகும் வெலிங்டன் ராணுவக் கல்லூரி அதிகாரிகள் இந்த வேட்டைச் சடங்கைத் தொடர்ந்தார்கள். ராஜ்யம் போனாலும் கோட்டைக் கழற்ற மனசு வரவில்லை.

இனி தண்டவாளத்தின் அந்தக் கோடிக்குப் போவோம்.

மதராஸ் கிரிக்கெட் கிளப் 1846-ல் பிறந்தது. அலெக்சாண்டர் ஆர்பத்நாட் என்ற சிவில் அதிகாரி முன்னின்றார். முதலில் தீவுத்திடலில் ஆடியவர்கள் 1860-களின் நடுவில் சேப்பாக்கத்துக்கு வந்தார்கள். அந்த இடம் யாருடையது? ஆற்காட்டு நவாபின் அரண்மனை வளாகம்! கடைசி நவாப் வாரிசில்லாமல் 1855-ல் இறந்ததும் கும்பினி பட்டத்தையே ஒழித்துவிட்டு நிலபுலனை எடுத்துக்கொண்டது. நவாப் வீட்டுத் தோட்டத்தில் துரைமார் பந்து போட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஐபிஎல் பார்க்க மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நாம் போவது அந்தத் தோட்டத்துக்குத்தான்.

அந்தக் கிளப்பில் இந்தியர் உறுப்பினராக முடியாது. மைதானத்துக்கு ஆட வந்தாலும் பெவிலியனில் உட்கார முடியாது, மரத்தடியில்தான் சாப்பாடு என்று சொல்லப்படுகிறது. இதைப் பார்த்துப் பொருமிய ஓர் இளைஞர் இருந்தார். லஸ்ஸில் மாளிகை, குதிரைகள், வெள்ளைக்கார டியூட்டர் என்று வளர்ந்த பணக்கார வீட்டுப் பிள்ளை. பெயர் மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. புச்சிபாபு என்றால்தான் தெரியும்!

20 வயதில், 1888-ல், அவர் சும்மா மனு போட்டுக்கொண்டிருக்கவில்லை. ‘மெட்ராஸ் யுனைடெட் கிளப்’ என்று இந்தியர்களுக்கென்றே தனி கிளப் ஆரம்பித்தார். எஸ்பிளனேடில் மைதானம். தன் காசிலேயே மட்டை, பந்து, பூட்ஸ் வாங்கி பையன்களைப் பழக்கினார். சாதி பார்க்காமல் திறமை பார்த்தார் என்பார்கள். பிறகு துரைமாரையே ஆட அழைத்தார். வெள்ளையர் அணியும் இந்தியர் அணியும் மோதும் பிரசிடென்சி ஆட்டத்துக்கு மதராஸ் கிரிக்கெட் கிளப்பைச் சம்மதிக்கவும் வைத்தார். ஆனால் 1908-ல் அந்த ஏற்பாடு கைகூடும் நேரத்தில் 40 வயதில் கண்ணை மூடிவிட்டார். மறுவருஷமே அவர் பேரில் போட்டி தொடங்கியது. புச்சிபாபு டிராபி நூறு வருஷம் தாண்டியும் நடக்கிறது. 1915-க்குப் பிறகு பிரசிடென்சி ஆட்டம் நிலைபெற்று, பொங்கலுக்குப் பொங்கல் சேப்பாக்கத்தில் திருவிழாவானது. கரும்பு வாங்கிய கையோடு மேட்ச் பார்க்கப் போன தலைமுறை ஒன்று இருந்தது.

புச்சிபாபுவின் மகன் ஒருவர் தத்துப்போய் கோட்டா ராமசாமி ஆனார். அவர் கதை சினிமாவையே மிஞ்சும். 1922-ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். சரி, அதோடு ஓய்ந்தாரா? 14 வருஷம் கழித்து, 40 வயதில், இங்கிலாந்தின் ஓல்ட் டிராஃபோர்டில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று ரன் குவித்தார்! இரண்டு விளையாட்டிலும் இந்தியாவுக்காக இறங்கிய முதல் ஆள் என்பார்கள். 1985 அக்டோபரில், 89 வயதில், ஒருநாள் காலை அடையாறு வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எம்.ஜே. கோபாலன் தெரியுமா? அந்த ‘எம்’ மொரப்பாக்கம். (மொரப்பூர் இல்லை, ஆசைப்பட வேண்டாம், செங்கல்பட்டுப் பக்கம் உள்ள ஊர்.) 1934 நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், முதல் பந்தை வீசியவர் இவர்தான். மதராஸும் மைசூரும் மோதிய அந்த ஆட்டம் காலையில் தொடங்கி அன்று சாயங்காலமே முடிந்துபோனது! ராம்சிங் 11 விக்கெட் அள்ளினார். கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-ல் ஒரே கோடையில் இரண்டு அழைப்புகள்: பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு ஹாக்கி அணி, இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் அணி. கிரிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு போனார். அங்கே ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை. பெர்லினில் தியான்சந்த் கூட்டம் தங்கத்தோடு திரும்பியது. யாருக்கு வரும் இந்த வயிற்றெரிச்சல்!

இந்தியா டெஸ்டில் முதன்முதலாக ஜெயித்ததும் சேப்பாக்கத்தில்தான். 1952 பிப்ரவரி. எதிரே இங்கிலாந்து. ஆட்டம் தொடங்கிய அன்றே லண்டனில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்துவிட, ஓய்வு நாளை முன்னுக்குத் தள்ளினார்கள். வினு மன்கட் 12 விக்கெட். பங்கஜ் ராயும் உம்ரிகரும் சதம். இந்தியாவின் 25-வது டெஸ்ட் அது. இந்தியனுக்கு உட்கார இடமில்லை என்று சொன்ன மைதானத்திலேயே, இன்னிங்ஸ் வித்தியாசத்தில்!

இந்த வகைக் கிளப்புகள் பற்றி இன்னும் இரண்டு வாய்பிளக்கும் சமாசாரம். பெங்களூர் கிளப்பில் பழைய கணக்கேடு ஒன்று உண்டு. 1899-ல் எழுதிய வாராக்கடன் பட்டியலில் ஒரு பெயர்: லெப்டினென்ட் டபிள்யூ.எல்.எஸ். சர்ச்சில், பாக்கி 13 ரூபாய்! ஆமாம், பிற்பாடு பிரதமரான அதே வின்ஸ்டன் சர்ச்சில். மளிகைக் கடை அண்ணாச்சியாக இருந்தால் விட்டிருப்பாரா? கல்கத்தாவில் ரக்பி கிளப் ஒன்று ஆளில்லாமல் கலைந்தபோது, வங்கியிலிருந்த கடைசிப் பணத்தை 270 வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கிக் கோப்பை செய்தார்கள். மூடியில் யானை, கைப்பிடிகளாக மூன்று நாகப்பாம்புகள். இன்றைக்கும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் மல்லுக்கட்டுவது அந்தக் ‘கல்கத்தா கோப்பை’க்காகத்தான்!

கிளப் வாசலிலிருந்து ஆட்களை விரட்டியது துரைமார் மட்டும்தானா என்றால், அங்கேதான் கொஞ்சம் உதைக்கிறது. மதராஸில் 1873-லேயே காஸ்மோபாலிட்டன் கிளப் என்று இந்தியப் பெரிய மனிதர்களுக்குத் தனி இடம் வந்துவிட்டது. வக்கீல், ஜமீன்தார், திவான் என்று அதிலும் படியேற ஒரு தகுதி வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் போட்ட பூட்டைக் குறை சொல்லிக்கொண்டே அதே மாதிரிப் பூட்டை வாங்கி நாமும் மாட்டிக்கொண்டோம்.

சந்தேகமா? 2014 ஜூலை. சேப்பாக்கம் மைதானத்தை ஒட்டி இருக்கிற தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கொண்டு வருகிறார். ‘வேட்டிக்கு அனுமதி இல்லை’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்! வேட்டி கட்டி வந்த வழக்கறிஞர்கள் இருவருக்கும் அதே கதி. வெள்ளைக்காரன் போய் 67 வருஷம் ஆகியிருந்தது. சட்டமன்றமே கொதித்தது. ஆகஸ்டில் முதல்வர் ஜெயலலிதா அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது: வேட்டி உள்ளிட்ட நம் உடைக்காக யாரையும் கிளப்பிலோ பொது இடத்திலோ தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், கிளப்பின் லைசென்ஸும் போகும். வேட்டி கட்டுவதற்கென்று ஒரு சட்டம்! உலகத்தில் வேறெங்கே கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

கடைசியாக நம்ம பக்கத்து ஆள் ஒருவர். மொரப்பூரிலிருந்து அதே தண்டவாளத்தில் தெற்கே போனால் சேலம். அந்த மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் நெசவாலைத் தொழிலாளியின் மகன், டென்னிஸ் பந்தில் தெருவிலும் பொட்டலிலும் யார்க்கர் போட்டுப் பழகியவர். எந்தக் கிளப்பின் புல்தரையும் அவருக்குச் சின்ன வயதில் கிடைக்கவில்லை. 20 வயதுக்கு அப்புறம்தான் சென்னை லீக் ஆட்டங்களுக்கே வந்தார். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பயிற்சியில் பந்து போடக் கூட்டிப்போனார்கள். ஒருநாள், டி-20, பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்றிலும் அந்த ஒரே பயணத்தில் அறிமுகமானார். வேறு எந்த இந்தியரும் அதுவரை செய்யாதது! டி. நடராஜன் ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டியே தேர் இழுக்கிற மாதிரி அவரைச் சாரட்டில் ஏற்றி ஊர்வலம் விட்டது. 2023-ல் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டித் திறந்தார். அதைத் திறந்துவைக்க சென்னையிலிருந்து தினேஷ் கார்த்திக் சின்னப்பம்பட்டிக்கு வந்தார்!